நாலாவது தட்டில் வைத்த பொட்டு

ஏட்டி,

இன்று சரஸ்வதி பூஜை. காலையில் கல்லில் சந்தனக் கட்டையை உரசினேன். உன் கம்ப்யூட்டர் சூடானால் ஒரு வாடை வருமே, சந்தன வாசத்தோடு அதுவும் வந்தது. நீ போய் மூணு வருஷமாக அது வயர் பிடுங்கி, பழைய சேலையால் மூடிக் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்த மூலைக்கு வெயிலே வராது.

மூணாங்கிளாஸோடு நின்றவள் நான். ஆனால் நீ சுவரில் ஒட்டிவைத்து வாசித்த சீட்டு இன்னும் மனப்பாடம். "முதல்ல டாஸ் இருக்கணும், அதுவும் புது டாஸ். மெமரி நாலு எம்பி. ஹார்ட் டிஸ்க்குல இடம் காலியா கிடக்கணும். இத்தனையும் இருந்தாத்தான் கம்பைலர் உள்ள வரும், யம்மா. ஒண்ணு குறைஞ்சாலும் வாசல்லயே நின்னுக்கிடும்."

"என்னட்டி, சம்பந்தி வீட்டு ஆளா அது?"

"அதைவிட மோசம். கோவிச்சுக்கிட்டா காரணமும் சொல்லாது."

நீ எழுதுவதை மெஷினுக்குப் புரியவைப்பது கம்பைலராம். திங்கட்கிழமை வண்ணார்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் உன் புரோகிராமை ஓட்டிக் காட்டினால் டீச்சர் வேலை. அந்தக் கம்பைலர் ஆறு பிளாப்பித் தட்டில் இருந்தது. அந்த வருஷப் பூஜையில் அதை அடுக்கிவிட்டு நீ குளிக்கப் போனாய். அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்த கையோடு, ஆறு தட்டுக்கும் வைத்தேன். மேலே தகடு பதித்த இடம் நெற்றி மாதிரிதான் இருந்தது. சந்தனம் கொஞ்சம் நீர்த்திருந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தாய். மூணு தட்டு உள்ளே போனது. நாலாவதைப் போட்ட பிறகும், நாலாவதைப் போடு என்றே திரும்பத் திரும்பக் கேட்டது. தகட்டை ஒதுக்கிப் பார்த்தாய். உள்ளே சந்தனம் காய்ந்திருந்தது.

"யாரு பொட்டு வச்சது?"

"உன் மதினிதான்" என்று மருமகள் மேல் போட்டேன். யோசிக்கும் முன்னே வாய் சொல்லிவிட்டது.

நீ தகட்டை மூடி, தட்டை ஓரமாக வைத்தாய். காயல்பட்டினத்தில் உன் கூட்டாளி வீட்டில் இன்னொரு செட் இருக்கிறது என்று கிளம்பினாய். "மெஷினை அணைச்சிராத, யம்மா. அணைச்சா முதல்லயிருந்து போடணும். சாயங்காலம் வந்திருதேன்."

மத்தியானம் தெரு முழுக்க கரண்ட் போனது. விசிறி நின்றது, மெஷின் நிற்கவில்லை. பேட்டரிப் பெட்டி கால் மணி நேரம்தான் தாங்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அது நாலாவதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் கவிழ்ந்த சேதி வந்தபோதும் கேட்டது. விளக்கு வைத்த நேரத்தில் உன்னைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். அப்போதுதான் அணைந்தது.

அன்றுமுதல் உன் மதினியை நான் பேசாத பேச்சில்லை. தட்டைக் கெடுத்தவள், குடியைக் கெடுத்தவள் என்றேன். அவள் வாயே திறக்கவில்லை. இன்று அந்த வெதுவெதுப்பு கையில் இருக்கும்போதே அடுக்களைக்குப் போய்ச் சொன்னேன், "பொட்டு வச்சது நான்தான்."

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும் அத்தை. அன்னிக்கு செருப்பு மாட்டும்போதே அவ சொல்லிட்டா. 'பொட்டு இடப்பக்கம் சாஞ்சிருக்கு மதினி, அம்மா கைதான். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதீங்க, சங்கடப்படுவா'ன்னு."

யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் வைத்திருப்பவள் நான். அவள் மேல் வைத்திருந்த கோபத்துக்கு இனி அங்கே இடமில்லை. அத்தனையும் உன் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு வார்த்தை என்னை வைதுவிட்டுப் போயிருக்கலாம் நீ. நான் விட்டிருக்க மாட்டேன், பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன், ஒரு மணி நேரம் சண்டை நடந்திருக்கும். நீ ஏறாமலே அந்த பஸ் போயிருக்கும்.