மீதியை எப்போது சொல்வாய்?

அக்கா,

ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை நீக்க வேண்டும் என்றார்கள். அதற்கு உன் ஆதார் தேவைப்பட்டது. நேற்று மத்தியானம் பீரோவின் மேல்தட்டிலிருந்து உன் தோள்பையை இறக்கித் திறந்தேன். சுக்கு வாசனை முகத்தில் அடித்தது. நீ கோடவுனுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இருபது வருஷம் சுக்குக் குவியலின் முன்னால் உட்கார்ந்து நல்லது வேறு, சொத்தை வேறு என்று பிரித்தவளின் பை அது. துணி அந்த வாசனையை விடவில்லை. ஆதார் பையின் உள்ளறையில் இருந்தது. கூடவே உன் சின்ன நோட்டும் இருந்தது, நூல் கட்டிய பேனாவோடு.

கார்டை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸிலும் மருந்துக்கடையிலும் ஆபீசுகளிலும் நீ எழுதிக் காட்டியவை. அச்சடித்த மாதிரி உன் மலையாளக் கையெழுத்து. "மன்னிக்கவும், எனக்குக் காது கேட்காது. இந்த விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போன தடவை போட்ட இடம் தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்." இப்படி மூன்று வரி, நான்கு வரி. அதற்குக் கீழே வேறு வேறு ஆட்களின் கிறுக்கல்: "நாளெ வரூ." நாளைக்கு வாருங்கள். பாதிப் பக்கங்களில் ஒரே பதில்தான்: "கூடெ ஆரெங்கிலும் உண்டோ?" கூட யாராவது வந்திருக்கிறார்களா?

நாற்பது வயது தாண்டிய பெண்ணிடம், தன் காரியத்தைத் தானே எழுதிக் கேட்டவளிடம் கேட்ட கேள்வி அது. அந்த 'யாராவது' எப்போதும் நான்தான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் உனக்கு மலையாளம் படிக்கவும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டிலோ நமக்குத் தமிழ். அங்கே 'வெள்ளம்' என்று அசைந்த உதடு இங்கே 'தண்ணி' என்று அசைந்தது. ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்த அப்பாவுக்கு மீசை உதட்டை மூடியிருக்கும். அவர் சொன்ன எதையும் நீ ஒருநாளும் படித்ததில்லை. அதனால் உனக்கு ஒன்பது வயதும் எனக்கு ஆறு வயதுமாக இருந்தபோது நாம் இரண்டு பேரும் கையாலேயே வார்த்தைகள் செய்துகொண்டோம். மாவு பிசைந்தால் அப்பா. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. உள்ளங்கையைத் தண்ணீர்மேல் படகு போவது மாதிரி நகர்த்தினால் எர்ணாகுளம். அந்த மொழியை அம்மாவும் கற்றுக்கொள்ளவில்லை, அப்பாவும் கற்றுக்கொள்ளவில்லை. "நீயே சொல்லிரு அவகிட்ட" என்பாள் அம்மா. அவ்வளவுதான் வேலை முடிந்தது.

பாலக்காட்டிலிருந்து சித்தப்பா வரும் ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். சாப்பிட்டுக்கொண்டே அவர் ஏதாவது கதை சொல்வார். அம்மா புரையேறும் அளவுக்குச் சிரிப்பாள். நீ என் பாவாடையைப் பிடித்து இழுப்பாய். புருவத்தை உயர்த்தி, என்ன?

"அப்புறம் சொல்றேன்."

அப்புறம் நீ கேட்டபோது எனக்கு மறந்திருக்கும். இல்லையென்றால் சோம்பலாக இருந்திருக்கும். "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு ஜோக்" என்று கையை உதறுவேன். நாலு பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததை 'ஒண்ணுமில்ல' என்று உனக்குக் கொடுத்தேன். சில வருஷங்களில் நீ இழுப்பதை நிறுத்திவிட்டாய். எங்கள் முகங்களைப் பார்த்து, நாங்கள் சிரித்தால் நீயும் சிரித்தாய், எப்போதும் ஒரு நொடி பிந்தி. "பாரேன், அவளுக்கும் புரியறது" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஒரே ஒரு தடவை நான் உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் உன் பள்ளித் தோழிகளும் கோட்டைக் கடற்கரையில் மாதம் ஒருமுறை கூடுவீர்களே, அங்கே என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். சீன மீன்வலைகளுக்குப் பக்கத்தில் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக நின்று கைகளால் பேசிக்கொண்டிருந்தீர்கள். அது நம் வீட்டுக் கைப்பேச்சு இல்லை, வேறு. அவ்வளவு வேகம். ஷைனி ஏதோ சொன்னாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நீ முதல் ஆளாகச் சிரித்தாய். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அரைமணி நேரத்தில் எனக்குத் தலை வலித்தது, அழுகை வந்தது, வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. நீ அதைப் பார்த்துவிட்டாய். அதன்பிறகு ஒவ்வொரு பேச்சையும் பாதியில் நிறுத்தி, எனக்காகத் திரும்பி, நம் கைகளில் மாற்றிச் சொன்னாய். ஷைனியின் மாமியாரைப் பற்றிய ஜோக்கைக்கூட. முழுசாக. உன்னிடம் அதைச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பும்போது இனி நானும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு, என் வீட்டுக்காரரோடும் என்னோடும் நீ இருந்த வருஷங்களில், உன் வெளிவேலைகள் எல்லாம் என் வழியாகவே நடந்தன. ஒருநாள் பேங்கிலிருந்து உன் கணக்கு விஷயமாகப் போன் வந்தது. நான் எடுத்தேன்.

"அக்கவுண்ட் ஹோல்டர் பேசணும் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"அவங்களுக்குக் காது கேக்காது. நான் தங்கச்சி. என்னன்னு சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

"இல்ல மேடம், ரூல் அப்படி. அவங்ககிட்ட போனைக் கொடுங்க. ஒரே ஒரு தடவை 'எஸ்' சொன்னாப் போதும்."

இரண்டு தடவை விளக்கினேன். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனைச் சற்றுத் தள்ளி வைத்து, மறுபடி காதில் வைத்து, குரலைக் கொஞ்சம் கனமாக்கி, உன் பெயரைச் சொல்லி "எஸ்" என்றேன். "தேங்க் யூ மேடம்" என்று வைத்துவிட்டாள். ஜெயித்துவிட்ட மாதிரி உன்னிடம் வந்து நடித்துக் காட்டினேன். நீ சிரிக்கவில்லை. கைகளை மெதுவாக அசைத்துக் கேட்டாய்: "நான் எதுக்குச் சரின்னு சொன்னேன்?"

எனக்கே தெரியாது அக்கா. நான் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பிறகு உன் வயிற்றுவலி. எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திப் பார்த்து, பத்து நாள் கழித்து ரிசல்ட்டுக்கு வரச் சொன்னார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், தன்மையானவர். ரிசல்ட் அன்று நாம் இருவரும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் முதலிலிருந்து கடைசிவரை என் முகத்தைப் பார்த்தே பேசினார். நீ அவர் உதட்டைப் பிடிக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தாய். அவர் மாஸ்க் போட்டிருந்தார்.

"பேஷண்டினோடு பதுக்கெ பறஞ்ஞால் மதி" என்றார் முடிவில். நோயாளியிடம் மெல்லச் சொன்னால் போதும்.

வராந்தாவுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துத் திருப்பினாய். நான் கைகளைத் தூக்கிச் சொன்னேன். "மருந்து. சரியாகும்."

நீ சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினாய். "இருபது நிமிஷம் பேசினார். நீ ரெண்டு வார்த்தை சொல்றே. மீதி?"

"அப்புறம் சொல்றேன்."

உன் மனசு உடையக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று அப்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. கல்லீரல்வரை பரவிவிட்டது, அறுத்து எடுக்க முடியாது, மருந்து கொஞ்சநாள் தள்ளிப்போடும், அவ்வளவே என்று அவர் சொன்னதைச் சொல்ல நம்மிடம் கைப்பேச்சு இருந்தது. பரவுவதற்கு அப்பளம் எண்ணெயில் விரிவதைக் காட்டியிருக்கலாம். உன்னிடம் மறைப்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழகியிருந்தது. அதுதான் சுலபமாக வந்துவிட்டது.

கோடவுனில் உன் பக்கத்தில் உட்காரும் ரோசிச் சேச்சி வீட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே நான் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவள் நல்லவள். உள்ளே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உன் நோட்டை வாங்கி எழுதினாள்: "கேன்சர் ஆணெங்கிலும் பேடிக்கண்ட. தெய்வம் உண்டு." கேன்சராகவே இருந்தாலும் பயப்படாதே.

அவள் போகும்வரை நீ அவளுக்குச் சாயா கொடுத்து, புன்னகைத்து, வாசல்வரை போய் வழியனுப்பினாய். அதன்பிறகு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்த பலகையின் மேல் வைத்தாய்.

"என் உடம்பு" என்றாய். "ரோசிக்குத் தெரியும். உன் புருஷனுக்குத் தெரியும். கீழ்வீட்டுக்குத் தெரியும்?"

நான் தலையாட்டினேன்.

"எனக்குத் தெரியாது."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுதித் தருகிறேன், எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். நீ வேண்டாம் என்றாய். "நீ சொன்னா எது மீதின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு நாள் கழித்து, என்னிடம் சொல்லாமல், தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாய். ஏழு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தாய். இந்த நோட்டில்தான் இருக்கின்றன. எவ்வளவு நாள். வலி எப்படி இருக்கும். மருந்தை நிறுத்தினால் என்ன. வேலைக்குப் போகலாமா. கடைசியில் வீட்டில் இருக்க முடியுமா. முகப்பில் இருந்த பெண்ணிடம், "என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, தயவுசெய்து கையால் தொட்டுக் கூப்பிடுங்கள்" என்று எழுதிக் காட்டியிருக்கிறாய். அவள் தலையாட்டியிருக்கிறாள். பிறகு அவள் ஷிப்ட் மாறியிருக்கும், அல்லது மறந்திருப்பாள். ஒன்பது மணியிலிருந்து ஒன்றரை மணிவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உன் பெயரை நிச்சயம் கூப்பிட்டிருப்பார்கள். ஒருவேளை மூன்று தடவைகூட. டாக்டர் எழுந்து போனதைப் பார்த்து, முகப்பில் புதிதாக உட்கார்ந்திருந்தவளிடம் நோட்டை நீட்டினாய். ஏழு கேள்விகளுக்கும் கீழே அவள் எழுதிய ஒரே பதில் இருக்கிறது. கூட யாராவது இருக்கிறார்களா?

திரும்பி வந்து இதை மட்டும் கையால் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாய். அடுத்த வாரம் என்னோடு வந்தாய். டாக்டர் முன்னால் நான் வரிக்கு வரி கையால் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. நீ என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சொன்னாலும் நம்ப முடியாத இடத்துக்கு உன்னை நான் கொண்டுபோய்விட்டிருந்தேன்.

கடைசி நாட்களில் ஐசியுவில் வைத்தார்கள். ஒருநாளுக்கு ஐந்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள். அன்று நான் போனபோது உன் இரண்டு கைகளையும் கட்டிலின் கம்பியோடு கட்டுத்துணியால் கட்டியிருந்தார்கள்.

"எதுக்கு சிஸ்டர் கட்டிப் போட்டிருக்கீங்க?"

"கை இளக்கிக்கொண்டே இரிக்குவா சேச்சி. ட்யூப் வலிச்சு ஊரும்." கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாயாம். ட்யூபைப் பிடுங்கிவிடுவாயாம்.

"ஆட்டலை சிஸ்டர். அவ பேசறா."

அந்தப் பெண் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கேஸ் ஷீட்டில் எங்கேயோ எழுதியிருக்கும். வேகமாக வந்து வலது கையை மட்டும் அவிழ்த்தாள். "ரெண்டு மினிட்" என்றாள்.

உன் விரல்கள் வீங்கியிருந்தன. மூன்று விரல்களை மடக்கினாய். மார்பில் இரண்டு தடவை தட்டினாய். பிறகு உள்ளங்கையை என் பக்கம் திருப்பிக் கொஞ்சம் சாய்த்தாய். நம் கைகளில் நேராகத் திருப்பினால் 'போதும்', சாய்த்தால் 'வீடு'. நீ சாய்த்தாயா, அல்லது கை தானாகச் சாய்ந்ததா? மடக்கிய விரல்கள் எதையும் எனக்கு நினைவூட்டவில்லை. திரும்பச் சொல்லு என்றேன். திரும்பச் செய்தாய், இன்னும் மெதுவாக, இன்னும் கலங்கலாக. மூன்றாவது தடவை கேட்க மனம் வரவில்லை. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன். புரிந்தது என்று.

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். புரியாமல் ஆட்டும் தலை எப்படி இருக்கும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டாய். சிஸ்டர் கையை மறுபடி கட்டினாள். மறுநாள் காலையில் போன் வந்தது.

பத்தாம் நாள் ஷைனி வீட்டுக்கு வந்தாள். எனக்கு அவளிடம் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பந்தியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய், தனியாக நிற்கவைத்து, நீ செய்ததை அப்படியே செய்து காட்டினேன். மூன்று விரல், மார்பில் இரண்டு தட்டு, சாய்ந்த உள்ளங்கை. மூன்று தடவை காட்டச் சொன்னாள். ஒரு விரலைச் சரிசெய்து, இப்படியா என்று கேட்டாள். பிறகு என் போனை வாங்கி மலையாளத்தில் டைப் செய்தாள்: இது எங்கள் பாஷை இல்லை. உங்கள் வீட்டுப் பாஷை. உனக்குத்தானே தெரியும்?

இப்போதும் அதைச் செய்து பார்க்கிறேன். தோப்பும்படிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, கை தானாக மேலே வருகிறது. தண்ணீர் கேட்டாயா, வலி என்றாயா, வீட்டுக்குக் கூட்டிப் போ என்றாயா, என்னைத் திட்டினாயா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது, எதுவும் நிற்பதில்லை. அந்த மொழி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர் இருந்தோம், அக்கா. சொன்னவள் போய்விட்டாள். மிச்சம் இருப்பவளுக்குப் புரியவில்லை.