வெங்காயம் பாவ் பத்து

ஏளா, இன்று காலை ஒரு காகிதப் பையைப் பிரித்தேன். பச்சை பீன்ஸ் வாசம் வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். செம்பூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து என் மகளுக்கு மார்க்கெட் என்றால் கையிலிருக்கும் போன்தான். "பீன்ஸ் வெறும் இருபத்தெட்டு ரூபாதான்மா, சஸ்தா" என்று திரையைக் காட்டினாள். நான் பையிலிருந்ததை அள்ளிப் பார்த்தேன். இரண்டு கைக்கு மேல் தேறவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தால், இருபத்தெட்டு கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே எறும்பு அளவில் இருநூற்றைம்பது கிராம் என்று இருக்கிறது.

"பாவ்!" என்று கத்தினேன். மகள் பயந்துபோய், பாவ் ரொட்டி வேண்டுமா என்று கேட்டாள். நீ இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாய். சிரித்து முடித்ததும் அந்த போனைப் பிடுங்கி, கிலோவுக்கு என்ன விலை என்று அதோடு சண்டைக்குப் போயிருப்பாய்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். உனக்குத்தான் தமிழ் வாசிக்க வராதே, எழுதி என்ன பயன் என்று தள்ளிப்போட்டேன். அது சால்ஜாப்பு. உனக்கு எழுத உட்கார்ந்தால் அந்த வெங்காய விஷயத்தை எழுதியாக வேண்டும். அதனால்தான் பேனாவைத் தொடவில்லை.

நான் கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. நீ அங்கேயே பிறந்து, இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வாயைத் திறந்தால் என்னைவிட அசல் திருநெல்வேலி. ஆனால் தமிழ் எழுத்தைக் காட்டினால், "என்னளா இது, பூச்சி பூச்சியா ஊருது" என்பாய். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே தோல் பை பட்டறையில் வேலை பார்த்தார்கள். உன் வீட்டுக்காரர் அங்கே மேஸ்திரி. என் வீட்டுக்காரருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பக்கத்துப் பக்கத்துக் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. நீ குழம்பு தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும்.

சனிக்கிழமைதோறும் உன் வீட்டுக்காரர் உன்னிடம் வாரச் செலவுக்குப் பணம் தருவார். வருடக்கணக்காக அதே தொகை. பருப்பு ஏறும், எண்ணெய் ஏறும், அவர் கை மட்டும் ஏறாது. வெள்ளிக்கிழமை அரிசி டப்பா காலியானால், "காசு எங்க போகுது?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் உன்னை அரித்தது. பற்றாக்குறையைக்கூட நீ பொறுத்துக்கொண்டாய்.

"வெலய எழுதி வப்போம்ளா" என்று நீதான் ஆரம்பித்தாய். "வாய்ல சொன்னா நம்ப மாட்டேங்காரு. எழுத்துல இருந்தா நம்பித்தான ஆவணும்?" நீ மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்துவிட்டு மார்க்கெட் வழியாக வருவாய். நான் காஜா பட்டன் தைத்த துணி மூட்டையைக் கொடுக்க மாஹிமுக்குப் போய் வருவேன். மாட்டுங்கா விலை உன் பொறுப்பு, மாஹிம் விலை என் பொறுப்பு, நம் சந்து முனைக் கடை இரண்டு பேருக்கும் பொது. சாயங்காலம் நீ சொல்லச் சொல்ல, பழைய காலண்டர் தாளின் முதுகில் நான் எழுதுவேன். அது உன் வீட்டு அரிசி டப்பாவுக்கு மேலே ஆணியில் தொங்கும். எந்தச் சாமான் எங்கே மலிவு, எது போன வாரத்தைவிட ஏறியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். துவரம்பருப்பு மாஹிமில், தேங்காய் மாட்டுங்காவில் என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒருத்தியே வாங்கி வந்தாள். இரண்டே மாதத்தில் உன் வெள்ளிக்கிழமை டப்பாவில் ஒரு வேளைக்கு அரிசி மிஞ்சியது. நீ அதை எனக்குக் காட்டிய விதத்தைப் பார்த்தால் தங்கம் வாங்கியவள் போல இருந்தது.

சந்தில் நம்மைக் கஞ்சப் பிசினாறிகள் என்றார்கள். "ஆமா, அதுக்கு என்னங்கே இப்ப?" என்று நீ இடுப்பில் கை வைத்தாய். கடைக்காரர் பிஸ்கட் விலை ஏறவே இல்லை என்று சத்தியம் செய்த அன்று, வீட்டிலிருந்து பழைய பாக்கெட்டின் காலி உறையைக் கொண்டுபோய், அதில் போட்டிருந்த எடையையும் புதுப் பாக்கெட்டின் எடையையும் அவரையே வாசிக்க வைத்தாய். "வெல ஏறல, சரிதான் அண்ணாச்சி. பிஸ்கட்டு எறங்கிருக்கு." கடை முன்னால் நின்ற பெண்கள் எல்லாரும் தங்கள் பையிலிருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். உன் பக்கத்தில் நிற்பது எனக்கு அப்போதெல்லாம் சுலபமாக இருந்தது.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். இந்தியில் விலைக்கு ஒரு பாவ், கால் கிலோவுக்கு ஒரு பாவ். நீ சொல்லும்போது முதலாவது அடிவயிற்றிலிருந்து வரும், இரண்டாவது உதட்டு நுனியிலிருந்து வரும். உன் காதுக்கு இரண்டும் பகலும் இரவும் போல வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான். காய்கறிக்காரர்கள் கிலோ விலை சொன்னால் ஆள் ஓடிவிடும் என்று கால் கிலோ விலைதான் கூவுவார்கள். ஒரு சாயங்காலம் நீ, "வெங்காயம், பாவ் பத்து" என்றாய். கால் கிலோ பத்து ரூபாய் என்று எனக்கு விளங்கியது. அப்படியே எழுதினேன்: வெங்காயம் பாவ் 10.

அந்தச் சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் முதல்முறையாக அந்தத் தாளைக் கழற்றி வாசித்தார். அவருக்குத் தமிழ் வரும். கடைக்குப் போய்த்தான் பழக்கமில்லை. அவர் போட்ட சத்தத்தில் நான் கையிலிருந்த ஊசியோடு வாசலுக்கு ஓடி வந்தேன். சந்தே கூடிவிட்டது.

"ஏட்டி, வெங்காயம் பாவ் பத்துன்னு நீயே எழுத வச்சித் தொங்க விட்டிருக்க. எங்கிட்ட கிலோவுக்கு நாப்பது கணக்குச் சொல்லுத. மிச்சம் முப்பது எங்க போகுது? ஒங்கம்மைக்கா?"

நீ விளக்கிச் சொல்ல வாயெடுத்தாய். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் அம்பர்நாத்தில் தன் அண்ணன் வீட்டோடு போய்விடுவோம் என்றார். அங்கே செலவுப் பணம் அண்ணி கையில் இருக்கும், நீ சமைத்தால் மட்டும் போதும் என்றார். மாட்டுங்கா வேலை, உன் டப்பா, உன் அரிசி, எல்லாம் ஒரே வாக்கியத்தில் போயின. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா எழுதுன? நீ சொல்லு. பாவ்னா வெலதான?"

நீயும் என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் பயமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நிம்மதியாக நின்றாய்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தில் நின்று கண்ணைக் காட்டினார். மேஸ்திரியைப் பகைத்தால் வேலை போய்விடும் என்று அதற்கு அர்த்தம். நான், "எனக்குத் தெரியாதுண்ணே. இந்தி வார்த்தை. அவ சொன்னா, எழுதுனேன்" என்றேன்.

நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைப் பார்த்து, "நாளைக்கு ஞாயித்துக்கெழம. வெங்காயம் நீங்களே வாங்குங்க" என்றாய். விடிந்ததும் என் கதவைத் தட்டி, "நீயும் வா. எழுதுனவ நீதான?" என்றாய். மூன்று பேரும் போனோம். பின்னாலேயே சந்தில் பாதிப் பேர் வந்தார்கள். அவர் முதல் தள்ளுவண்டியில் இந்தியில் விலை கேட்டார். "தஸ் ருபியா பாவ்" என்றார் வண்டிக்காரர். உன் வீட்டுக்காரர் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்து ரூபாயை நீட்டிப் பையை அகல விரித்தார். வண்டிக்காரர் தராசில் வைத்து நாலு வெங்காயத்தைப் பையில் போட்டார்.

"கிலோ தோ!" என்றார் இவர், ஒரு கிலோ கொடு என்று.

"கிலோ சாலீஸ், சேட்." கிலோ நாற்பது.

சந்து முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னும் முப்பது குடுங்க" என்றாய். "எங்கம்மைக்கு அனுப்புனேன்னு சொன்னீங்கள்ல, அந்த முப்பது."

அவர் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை வாரப் பணத்தில் நூறு ரூபாய் கூடியிருந்தது. அம்பர்நாத் பேச்சு அப்படியே அமுங்கியது. பட்டறையில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டார். நீ வெங்காயத்தில் காசு அடிக்கிறாய் என்று அந்தச் சனிக்கிழமை ராத்திரியே அங்கே போன் போட்டுச் சொன்னவர், நீ திருடவில்லை என்று மட்டும் சொல்லவே இல்லை. அவ்வளவு பெரிய சத்தத்தில் சொன்ன பொய்யை மெல்லிய குரலில்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பிறகு நான் யார் என்பதும் ஞாபகம் வரும்.

திங்கள்கிழமை சாயங்காலம் நீ புதுத் தாளோடு வந்து உட்கார்ந்தாய். திட்டப்போகிறாய் என்று காத்திருந்தேன். "எழுதுளா. இனிமே கால்னு எழுது, பாவ் வேண்டாம்" என்றாய். அதோடு சரி. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் நாம் விலை எழுதினோம். என் மகளும் உன் மகளும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தமிழ் எழுத்துக் கற்றார்கள். நீ ஒருநாளும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ ஒரு தடவை கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காமல் போய்ச் சேர்ந்தாயே, அது நியாயமா?

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ நாலாம் நாள் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்பர்நாத்திலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றியபோது, அந்த அண்ணி பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

"நல்லவதான். கைதான் கொஞ்சம் நீளம். வெங்காயத்துலகூடக் காசு பாத்தவ."

உன் மகள் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் தலை குனிந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரர் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இப்போதும் கண்ணைக் காட்டியிருப்பார். அவரும் போய் மூன்று வருடமாகிறது. அவர் இருந்திருந்தாலும் நான் எழுந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. எழுந்தேன் என்பது மட்டும் உண்மை.

"யாருக்குக் கை நீளம்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அந்தத் தாள எழுதுனது நான். பாவ்னா கால் கிலோ. கிலோ நாப்பது. அவ சொன்ன கணக்கு சரி. அண்ணே, அன்னைக்கு நீங்க எங்கிட்டத்தான கேட்டீங்க? தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். அன்னைக்கே தெரியும். எங்க வீட்டு வேலைக்குப் பயந்து அவளப் பழி குடுத்தேன். நீங்க மறுநாள் வண்டி முன்னால நின்னு முப்பது ரூவா எண்ணிக் குடுத்தீங்க. அத இவங்ககிட்ட இப்ப சொல்லுங்க. அவ மக கேக்கணும்."

அண்ணி வாயைப் பிளந்தாள். யாரோ என் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. உன் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்:

"நாப்பதுதான். கிலோ நாப்பதுதான். அவ ஒரு பைசா எடுத்ததில்ல."

உன் மகள் நிமிர்ந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். என்னைத் தொடவில்லை. நான் சொன்னதில் இரண்டு பாதியும் அவளுக்குப் புரிந்திருந்தது.

நீ என்னை மன்னித்தாயா என்று இனிக் கேட்க முடியாது. முடிந்தாலும் கேட்க மாட்டேன். நான் செய்தது செய்ததுதான். அதை வெல்லம் போட்டு மூட எனக்கு விருப்பமில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துவந்தது ஒன்றே ஒன்று. இந்தக் கட்டடத்தில் ஒரு பெண்ணைக் கையோட்டை, கஞ்சம், கை நீளம் என்று யார் சொன்னாலும் நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறேன். போன வாரம் எதிர் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டபோதும் போனேன். "ஒங்களுக்கு என்ன தெரியும் ஆன்ட்டி?" என்று கேட்டான் அந்த வீட்டுக்காரன். தெரியும் என்றேன், ஏளா. எனக்குத் தெரியும் என்றேன்.