மழை நாள் கணக்கு

கேகாலை,
12.6.2008

அன்புள்ள கோகிலாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவின் மூட்டு வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். ரசத்துக்கு உப்புப் போடத்தான் மறந்துபோகிறது.

இங்கே எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் படிப்பிக்கப் புதிதாக வந்த பயாஸ், எட்டாம் வகுப்பைக் கம்பியூட்டர் அறைக்குக் கூட்டிப் போகிறான். ஒரு ரப்பர் மரம் வருஷத்துக்கு எவ்வளவு பால் தரும் என்று இன்டர்நெட்டில் தேடிக் கணக்குப் பார்க்கச் சொன்னான். ஜன்னலோரம் நின்ற நான், ஒரு நாள் பாலை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி முடித்துவிட்டேன். அப்போது ஷாமிளா எழுந்தாள்.

"சேர், மழை பெஞ்சா எங்கம்மா பால் வெட்டப் போகமாட்டாங்க. அந்த நாளெல்லாம் கழிக்கணும்தானே?"

"அப்ப இங்க எத்தன நாள் மழை பெய்யுதுன்னு தேடுங்க" என்றான் அவன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தேடினார்கள்.

இரண்டு வருஷம் என்னிடம் படித்தவள், ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன் என்பது வேறு கதை. வயிறு எரிகிறது, கோகிலா.

நீ இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பு. ஆட்கள் போன் பேச வரும் உன் கொமினிகேஷன் கடையில் இன்டர்நெட்டை எப்படித் திறப்பீர்கள் என்று எழுதி அந்தப் பொட்டலத்துக்குள் வை. பயாஸ் சொல்லித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன்.

மணி அடித்துவிட்டது. அவனுடைய பாடம் தொடங்கப் போகிறது, நான் ஜன்னலுக்குப் போக வேண்டும்.

உன்
இந்திரகுமார்