கட்டார் மருமகன்

2025 பெப்ரவரி 3, திங்கள்

கத்தரிக்கு மருந்தடித்தேன். இந்தமுறை காய்க்கிற காய்ப்பைப் பார்த்தால் மருதனார்மடம் சந்தையே எழுந்து என் தோட்டத்துக்கு வரவேண்டும் போல இருக்கிறது. போன வருடம் விவசாயத் திணைக்களத்தார் என் கத்தரியைப் படம் எடுக்க வந்தவர்கள். கமெராவில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது.

பின்னேரம் உடுப்பிட்டியிலிருந்து தங்கச்சி ஞானாம்பிகை போனில் கோல் எடுத்தாள். அவளுடைய மகன் மயூரதனை வியாழக்கிழமை புனர்வாழ்வு நிலையத்திலிருந்து விடுகிறார்களாம். ஹெரோயின். பெடியள் அதைத் தூள் என்பார்கள்.

"இஞ்சை கொண்டுவர ஏலாது அண்ணை. படலையடியிலையே அவன்ரை கூட்டாளியள் நிப்பாங்கள். உங்களிட்டை விடட்டோ?"

சண்டிலிப்பாயில் அருளம்பலத்தை விட்டால் இதற்கு வேறு ஆர்? உடனே கொண்டுவா என்றேன்.

மனிசி படுத்த மெத்தையை வெயிலில் போட்டேன். அவள் கண்மூடின பிறகு அதை ஒருவரும் தொடவில்லை. கனடாவில் இருக்கிற மகளுக்கு வொய்ஸ் அனுப்பினேன். கேட்டிருப்பாள். வேலை அதிகம், பாவம்.

பெப்ரவரி 6, வியாழன்

கூட்டிவந்தாயிற்று. முப்பது வயதுக்காரன், என் தோளுக்குப் பின்னால் ஒளித்து நடக்கிறான்.

நிலையத்தில் தனுசியா என்று ஒரு பிள்ளை, உளவளத்துணையாளர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். அதற்கு மேல் எனக்குப் படிப்பிக்க வாத்திமாருக்குத் தெரியவில்லை. ஆனால் என்னோடு கதைத்த பிறகு அந்தப் பிள்ளைக்கே கன விஷயம் தெளிந்திருக்கும்.

அது சொன்னது: "ஐயா, இதைச் சலரோகம், சீனி வருத்தம் மாதிரி நினையுங்கோ. முழுக்க மாறிட்டுது எண்டு இல்லை. புதன்கிழமை கிளினிக் தப்பக்கூடாது. பழைய ஆக்கள், பழைய இடம், கவலை, சந்தோஷம் எல்லாம் இழுக்கும். குடியும் வேண்டாம். இன்னொண்டு: உடம்பு இப்ப தூளை மறந்திட்டுது. பழைய அளவை எடுத்தார் எண்டா மூச்சே நிண்டுபோகும்."

"ஓமோம், எனக்குத் தெரியாததோ" என்றேன்.

பெப்ரவரி 7

சந்தித் தேத்தண்ணிக் கடையில், வீட்டில் நிற்கிற பெடியன் ஆர் என்று கேட்டார்கள். பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? அவனுடைய மானம் என்ன ஆகும்? கட்டார் என்று வந்துவிட்டது. வந்தபிறகு விடலாமா? தோகாவில் ஒரு ஷேக்கின் அரண்மனை, அதில் ஏசி முழுவதும் மருமகனின் பொறுப்பு, லீவில் வந்து நிற்கிறான்.

"ஷேக்குக்கு எத்தினை பெண்சாதி ஐயா?" என்று எமில்ராஜ் கேட்டான். சில்லாலைப் பெடியன், சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன்.

"நாலு. நாலு பேருக்கும் நாலு விதமான குளிர்."

கடை முழுக்கச் சிரிப்பு. கன காலத்துக்குப் பிறகு என் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கதைத்தேன்.

பெப்ரவரி 15

முன்வீட்டுக்காரர் பழுதான பிரிட்ஜை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஷேக்கின் ஏசி பார்த்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்கிறார். மருமகன் முன்பு பஸ் கொண்டக்டர். பிரிட்ஜின் பின்பக்கத்தை முன்பின் கண்டதில்லை. "பார்ட்ஸ் கொழும்பாலை வரோணும்" என்று நான்தான் சமாளித்தேன்.

அவர் போனபிறகு மயூரதன் விறாந்தையில் குந்தியிருந்தான்.

"ஏன் மாமா உப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்ரை நல்லதுக்கடா."

"இனி நான் ஆரோடை கதைக்கிறது? எல்லாரும் கட்டாரைப் பற்றியெல்லோ கேக்கினம்."

"கேட்டா என்னைக் கூப்பிடு. நான் சொல்லுறன்."

எழுந்து போனான். வெட்கம். பழகிவிடும்.

மார்ச் 1

சமையல் இரட்டிப்பு, கோப்பை கழுவுவது இரட்டிப்பு. மனிசனுக்கு வேலை கூடிவிட்டது என்று எமிலிடம் முறைப்பாடு சொன்னேன். அவன் "சந்தோஷமாத்தான் சொல்லுறியள்" என்கிறான்.

மார்ச் 5, புதன்

கிளினிக் நாள். பஸ்ஸுக்கு நின்றபோது கடைக்காரர் கேட்டுவிட்டார்: "உவன் ஏன் கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறான்? கட்டாரிலை ஏதும் வருத்தம் பிடிச்சவனோ?" ஆளைத் திருப்பிக் கூட்டிவந்தேன். பெடியன் நன்றாகத்தானே இருக்கிறான்; என் தோட்டத்து மரக்கறி சாப்பிட்டுக் கன்னம் வைத்துவிட்டது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போனால் போதும். தனுசியாவுக்கு நான் விளங்கப்படுத்துவேன்.

மார்ச் 16, ஞாயிறு

பின்வளவுக் கோபிசங்கர் கட்டாரிலிருந்து வந்திருக்கிறான். உண்மையான கட்டார். மத்தியானம் ஆட்டிறைச்சி விருந்து. மருமகன் வரமாட்டேன் என்று நின்றான். போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? இழுத்துக்கொண்டு போனேன்.

கோபிசங்கர் தோகாவில் எந்தப் பக்கம் என்று கேட்க, இவன் சோற்றைப் பிசைந்தான். நான் உள்ளே பாய்ந்து, கடற்கரைப் பக்கம், மாளிகைக்குள்ளேயே கடல் வருகிற இடம் என்றேன். பிறகு போத்தல் திறந்தார்கள்.

"மச்சான், அங்கைதான் ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சது. இஞ்சை ஆருக்குப் பயம்? பிடி" என்று கிளாசை நீட்டினான்.

மயூரதன் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவனுக்குப் பிரச்சினை தூள், சாராயம் இல்லையே?

"ஒண்டு எடடா. மாமா பக்கத்திலைதானே இருக்கிறன்."

ஒன்று எடுத்தான். பிறகு இரண்டு. சிரித்தான்கூட. அவன் சிரித்து நான் கண்டது இதுதான் முதல்தரம். நல்ல நாள்.

மார்ச் 19, புதன்

கிளினிக்குக்கு எழும்பவில்லை. தடிமன், மூக்கடைப்பாம்.

மார்ச் 22

போன் வந்தால் கிணற்றடிக்குப் போய்க் கதைக்கிறான். சாப்பாடு இல்லை. கத்தரித் தோட்டத்தில் நின்றவனிடம் போய், நான் இளந்தாரியாக இருந்தபோது தனியாளாகக் கிணறு இறைத்த கதையைச் சொன்னேன். பாதியில் "மாமா, ஒரு விஷயம்" என்றான். "பொறு, முடிவைக் கேள்" என்றேன். முடிவைச் சொல்லிவிட்டுக் கேட்டபோது ஒன்றுமில்லை என்றுவிட்டான்.

என்ன விஷயமாக இருக்கும்?

மார்ச் 25, செவ்வாய்

எழுத ஏலாமல் இருக்கு. ஆனால் எழுதாவிட்டால் ஆருக்குச் சொல்ல?

ஞாயிறு காலமை போனவன் வரவில்லை. போன் நிறுத்தியிருந்தது. நேற்று விடிய சந்திக்கு ஓடினேன். "என்ரை மருமோனைக் கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஷேக் பிளேன் அனுப்பியிருப்பார்" என்றார் ஒருவர்.

அப்போதுதான் சொன்னேன். கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன். "அவன் கட்டாருக்குப் போகேல்லை. தூள் எடுத்தவன். புனர்வாழ்விலை இருந்து வந்தவன். இப்ப எடுத்தா மூச்சு நிண்டிடும். ஆரும் கண்டிருந்தா சொல்லுங்கோ."

சிரித்தார்கள். ஐயோ, சிரித்தார்கள். "அம்பலத்தார், போன மாதம் ஷேக்கு, இந்த மாதம் தூளோ? வாற மாதம் சந்திரனுக்கு விடுவியள் போலை." என் வாயிலிருந்து வந்தால் எதுவும் கதைதான். நான் அழுதுகொண்டு நின்றேன், அதையும் நடிப்பு என்று நினைத்தார்கள்.

எமில் மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினான்.

"ஞாயிறு நான்தான் ஏத்தினனான் ஐயா. நெல்லியடியிலை சினேகிதன்ரை வீடு எண்டவர். ஒழுங்கைக்குள்ளை ஒரு கட்டி முடியாத வீட்டடியிலை இறக்கினனான். அது என்ன இடம் எண்டு எனக்குத் தெரியும்." ஓட்டோவைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: "கட்டார்க்காரருக்கு உங்கை என்ன வேலை எண்டு யோசிச்சனான். நீங்கள் முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் ஏத்தியே இருக்கமாட்டன். உங்களிட்டைத்தான் கொண்டுவந்து விட்டிருப்பன்."

அந்த வீட்டில் பின்னறையில் கிடந்தான். தனிய. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். உதடு நீலம். மூச்சு வரும், பிறகு வராது, பிறகு வரும். எமிலும் நானும் ஓட்டோவில் தூக்கிப் போட்டோம். தலை என் மடியில்.

"கதையுங்கோ ஐயா! ஆளை நித்திரையாக விடாதேங்கோ. விடாமல் கதையுங்கோ!"

வாழ்நாள் முழுக்கக் கதைத்தவன் நான். எனக்கு ஒரு கதையும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. மயூரதன், மயூரதன் என்று பேரைத்தான் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரி வரைக்கும்.

ஊசி ஒன்று போட்டார்கள். கண் திறந்தான். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை.

மார்ச் 26

ஞானாம்பிகை வார்ட்டில் என்னைக் கண்டதும் கேட்டாள்: "சாராயம் குடுத்தது ஆர் அண்ணை?"

"கோபிசங்கர்."

"குடி எண்டு சொன்னது ஆர்?"

அவள் மகனின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஊருக்குப் பயந்து நான் உங்களிட்டை விட்டன். நீங்கள் ஊருக்குக் கதை சொல்ல அவனை வைச்சிருந்தனீங்கள்."

ஏப்ரல் 14

புதுவருடம். மருமகன் திரும்ப நிலையத்தில். பொங்கினேன், ஓராளுக்கு மட்டும், அரைச் சுண்டு அரிசி. மகளின் கோல் வந்தது, அங்கே பின்னால் நிறையச் சத்தம். சுகமாக இருக்கிறேன் என்றேன். சந்திக்குப் போகவில்லை. ஒருவரும் வரவில்லை.

மே 18

நிலையத்துக்குப் போனேன். மயூரதன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தனுசியா இருவரையும் முன்னால் இருத்தியது.

"திரும்ப எடுத்ததோடை எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. எங்கை வழுக்கினது எண்டு பாப்பம்."

"என்ரை வீட்டிலை" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தான். "கிளாசை வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது மாமா. உண்மையான காரணம் ஒண்டுதான் இருந்தது. அதை நீங்கள் முதலே கட்டாருக்கு அனுப்பிப்போட்டியள்."

தனுசியா சிரித்துவிட்டது. அவனும் கொஞ்சம். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

யூன் 9

மழை இல்லை. கத்தரியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைத்தேன். பின்னேரம் முழுவதும் ஒருவரோடும் கதைக்கவில்லை என்று படுக்கப்போகும்போதுதான் தெரிந்தது.

யூலை 10, வியாழன்

வந்துவிட்டான். உடுப்பிட்டிக்கும் போகலாம், இங்கேயும் வரலாம் என்று கேட்டார்களாம். இங்கே என்று சொல்லியிருக்கிறான். எமில்தான் ஏற்றிவந்தான்.

யூலை 23, புதன்

கிளினிக்குக்கு இருவரும் போனோம். கடைக்காரர் எங்கே என்று கேட்டார். "போதை கிளினிக்குக்கு" என்றேன். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். முன்வீட்டுக்காரர் பிரிட்ஜைத் திருப்பி எடுத்துப்போய்விட்டார். எங்கள் ஒழுங்கையால் வருகிற பெடியளைத் தாய்மார் மற்றப் பக்கத்தால் வரச் சொல்கிறார்களாம். இதையும் எமில்தான் சொன்னான்.

நான் பயந்தது இதற்குத்தான். வந்துவிட்டது. வந்தும் விடிகிறது.

ஓகஸ்ட் 19

கோபிசங்கரின் தங்கைக்கு அளவெட்டி மண்டபத்தில் கலியாணம். அழைப்புக் காட் வந்தது. அருளம்பலம் அவர்கள் என்று மட்டும் இருந்தது. எங்கள் பக்கத்தில் 'குடும்பத்தினர்' என்று சேர்த்துத்தான் எழுதுவார்கள். மருமகன் வாங்கிப் பார்த்தான். "நீங்கள் போங்கோ மாமா, உங்களுக்கு ஆக்களோடை கதைக்காட்டில் வருத்தம் வந்திடும்" என்றான். மெய்தான். இந்த வருடம் எனக்கு வந்த ஒரே கலியாண அழைப்பு.

ஓகஸ்ட் 28, வியாழன்

காலமை வேட்டி, சால்வை, சந்தனம். என் வயதில் இப்படி ஒரு மாப்பிள்ளைத் தோற்றம் வலிகாமத்தில் வேறு ஒருவருக்கும் இல்லை. எமில் வாசலில் ஹோன் அடித்தான். படலையைத் திறக்கப்போக, மயூரதன் பின்னால் வந்து நின்றான்.

"மாமா, விடிய ஒருத்தன் கோல் எடுத்தவன். பழைய ஆள். கட் பண்ணிட்டன். ஆனா அதிலை இருந்து எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

"நான் நிக்கட்டோ?"

"கலியாணம் எல்லோ."

"நான் நிக்கட்டோ எண்டுதான் கேட்டனான்."

நிலத்தைப் பார்த்தான். பிறகு "ஓம்" என்றான்.

எமிலிடம் போனேன். "நான் வரேல்லை. கலியாணவீட்டிலை கேட்டா, மருமோனுக்கு இண்டைக்குத் தூள் நினைப்பு வந்திட்டுது, அவனோடை நிக்கிறார் எண்டு சொல்லு."

"அப்பிடியே சொல்லட்டோ ஐயா?"

"அப்பிடியே சொல்லு."

தனுசியாவுக்கு அவனே கோல் எடுத்தான். நான் வேலிக்கரைக்குப் போய் நின்றேன். பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டு இருவரும் தோட்டத்துக்குள் இறங்கினோம். நான் தண்ணீர் இறைக்கிற மெசினடியில். அவன் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டான். சொல்ல நல்ல கதை ஒன்று வாய்க்குள் இருந்தது. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கத்தரி முடிந்து மெசினை நிறுத்தப்போனேன். வேண்டாம் என்று கை காட்டினான். நேற்று நனைத்த மிளகாய்க்கும் விட்டோம். வாழைக்கும் விட்டோம்.

அளவெட்டிப் பக்கமிருந்து காற்றோடு நாதஸ்வரம் கேட்டது என்று எழுதலாம். கேட்கவில்லை. மெசின் சத்தம்தான் கேட்டது.