பிளீச்சிங் பவுடரில் ஊறிய கொசுவலை

என்னங்க,

பாப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன். சோறு அடுப்பில்.

பத்து மணிக்கு நர்ஸக்கா கொசுவலையைப் பார்க்க வருவார். ஓட்டைக்கு எலிமேல் பழி போடாதீர்கள்; கட்டில் ஆணியில் மாட்டி இழுத்தது நீங்கள். கொசு மருந்து ஏற்றிய வலையைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, மொட்டை வெயிலில் காயப்போட்டு, "பாருடி, புதுசு மாதிரி இருக்கு!" என்று பீற்றிக்கொண்டதையும் சொல்லுங்கள். மருந்து போன அந்த வலைக்குள்தான் பிள்ளை மூன்று மாதம் படுத்திருக்கிறது.

எங்கள் ஜவுளிக்கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை பார்த்துத்தான் எடுப்போம். மாப்பிள்ளையை மட்டும் அப்பா மடிப்புக் கலைக்காமல் எடுத்துவிட்டார்.

இன்னொன்று: நர்ஸக்கா புது வலை தந்தால் தொடாதீர்கள். அது எனக்கும் பாப்பாவுக்கும். பழையதை உங்கள் பாய்க்கு மேல் கட்டிவிட்டேன், பெரிய ஓட்டை முகத்துக்கு நேராக.