ஷெரின் பையில் இருந்த கரி

ஜூலை 5, சனி

விடாத தூறல். துணி காயவில்லை. ஷெரின் ஹெப்பகோடிக்குக் கிளம்பிவிட்டாள், கூட வேலை பார்க்கும் நிஷாவின் ரூமுக்கு. இப்போதெல்லாம் எல்லாச் சனியும். கேட்டால், "பிரேயர் குரூப்மா." என் பெண்ணா? பையன் யாராவது இருப்பானோ?

வாங்க: ரவை, ஊக்கு, இவருக்கு பி.பி. மாத்திரை, ஷெ. இன்ஹேலர். போன மாதம் வாங்கியது அதற்குள் தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தோடு போன வீசிங், திரும்ப ஏன்?

ஜூலை 8, செவ்வாய்

டிபன் டப்பா எடுக்க ஷெ. பையைத் திறந்தேன். வெள்ளித்தாளில் சுற்றிய வட்டக் கரி. கோயிலில் தூபக் கலசத்தில் போடுகிறார்களே, அதே கரி! நிஜமாகவே செபம்தான். பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

இவரிடம் சொன்னேன். "உம் பொண்ணா? சாம்பிராணி போட்டு ஜெபமா?" சிரிப்பு. சிரிக்கட்டும்.

வீசிங் அந்தப் புகையால்தான். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

கோயில் வாசல் கடையில் நல்ல சாம்பிராணி ஒரு பாக்கெட். ஷெ. பையில் சொல்லாமல் வைத்தேன். ஸ்டாஃப் ரூமில் மேரி டீச்சரிடம் ஒரே பெருமை. "குடுத்து வச்சவங்க நீங்க. எம்பொண்ணு சண்டே மாஸுக்கே எழுந்திரிக்க மாட்டா."

ஜூலை 13, ஞாயிறு

சாம்பிராணி பிரிக்காமலே திரும்பி வந்திருக்கிறது. கரி மட்டும் குறைந்திருக்கிறது. துப்பட்டாவை மோந்தேன். ஆப்பிள் மிட்டாய் வாசனை.

நிஷாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். என்னிடமிருந்து மறைக்க மறந்துவிட்டாள். தரையில் கண்ணாடிக் குடுவை, நீளக் குழாய், உச்சியில் அந்தக் கரி. ஓரத்தில் ஷெரினின் மஞ்சள் துப்பட்டா.

ஹுக்கா.

தடை போட்டுக் கடைகளை மூடியதைப் பேப்பரில் படித்து, நல்லது என்றேனே. இப்போது ரூமுக்குள்ளேயே. மழைக்கு ஜன்னலும் சாத்தியிருக்கும். சாதம் அடிபிடித்துவிட்டது.

ஜூலை 16, புதன்

இன்னும் கேட்கவில்லை. கேட்டால், "ஆபீஸ் பக்கத்துலயே ரூம் எடுத்துக்குறேன்" என்பாள். போன சண்டையில் சொன்னது. போய்விட்டால் அந்த இழுப்புச் சத்தம்கூட எனக்குக் கேட்காது. இவரிடமும் சொல்லவில்லை. வீடு இரண்டாகும்.

மாடிப்படியில் ஷெ. போனில்: "சிகரெட்டா இது? தண்ணியில ஃபில்டர் ஆகித்தான்டி வருது. ஒண்ணும் ஆகாது." சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

மேரி டீச்சர் தன் மகளையும் அந்தக் குரூப்பில் சேர்க்கச் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

ஜூலை 19, சனி

மழை. ஷெ. குளிக்கும்போது பையைத் திறந்தேன். புதுக் கரி. தூக்கி எறியத்தான் கை போனது. எறியவில்லை. பக்கத்திலேயே புது இன்ஹேலரை வைத்தேன், கண்ணில் படும்படி. நானெல்லாம் என்ன அம்மா?

வேலை ஓடவில்லை. "ஏன் பால்கனியிலயே நிக்கிற?" இவர்.

ஜூலை 20, ஞாயிறு

ஆஸ்பத்திரி. பூசைக்குப் போகவில்லை. ஷெ. தூங்குகிறாள், தலையணை இரண்டு வைத்து. மூச்சு பரவாயில்லை.

நேற்று சாயங்காலம் போன். வார்த்தை வார்த்தையாக, "பையில... இன்ஹேலர்... நீயாம்மா வச்ச?"

"ஆமா."

"அடிச்சிட்டேன். அடங்கல... வாம்மா."

"ஜன்னலத் திற. வெளிய வந்து உக்காரு. இதோ வரோம்."

ஆட்டோவில் இவர் கேட்டுக்கொண்டே வந்தார், என்ன ஆச்சு, என்ன ஆச்சு. தெரியவில்லை என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

டாக்டர் கேட்டார், "புகை ஏதாவது பட்டுச்சா? வீட்ல சாம்பிராணி போடுவீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். ஷெரின் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"ஹுக்கா, டாக்டர். அம்மாவுக்குத் தெரியும்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நாற்காலியை எடுத்துக் கட்டிலின் அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார்.