சிவப்பு என்று ஒட்டிய நீல வண்டி

அன்பு மகள் லம்துவனுக்கு, அப்பா பூன்லெர்ட் சொல்லச் சொல்ல ஸ்டிக்கர் கடைப் பிரசோங் எழுதுவது. எனக்கு உடம்பில் பெரிய குறை ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முந்தியே சேதி சொல்லிவிடுகிறது, மாமரமும் கோழிகளும் சுகம், நீயும் உன் வீட்டுக்காரரும் அந்தப் பனி ஊரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று நம் கோயில் புத்தர் முன்னால் தினமும் கை கூப்புகிறேன். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களா அப்பா என்கிறாய், நான் ஆச்சு என்கிறேன், அதோடு எனக்கு வாய் அடைத்துப்போகிறது, வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் வரிசை கட்டி நிற்கிறது. அதனால் இவன் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கொட்டை கொட்டையாக இருந்தால் சிரிக்காதே, கார்க் கண்ணாடிக்கு எழுதியே பழகிய கை.

வண்டி விஷயம்தான். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்கப்பா, இன்னும் எவ்வளவுதான் அதுக்குச் செய்வீங்க என்று நீ சொன்ன அன்றைக்கு நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய், கோபம்தான். ஆனால் இந்த மழையில் காலடித் தகடு இற்றுப்போய், ரோட்டுத் தண்ணீர் என் செருப்பில் வந்து விழுந்தது. மெக்கானிக் தோங்தி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பெரியப்பா, இது வண்டி இல்ல, சல்லடை, இஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடும், ஆனா அதைத் தாங்க அடியில ஒண்ணும் இல்ல என்றான். ஒட்டுப் போட முடியாதா என்று கேட்டேன். போடலாம், துருவுக்கும் துருவுக்கும் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி இருக்கும், பரவாயில்லையா என்றான். அவனுக்கு வாய் அதிகம், உனக்குத் தெரியும், ஆனால் பொய் சொல்ல மாட்டான்.

இந்த வண்டி வந்த நாள் உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது என் இடுப்பு உயரம்கூட இல்லை. நம் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது இந்த நீல வண்டி ஒன்றுதான், நானோ ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன், எனக்கு நீலம் ஆகவே ஆகாது. உன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் இவனிடம் ஓடினேன், இவன் பின்கண்ணாடியில் இந்த வண்டியின் நிறம் சிவப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்து, கெட்ட காலம் என்ன பெயிண்டைச் சுரண்டியா பாக்கப் போகுது, எழுதினதைப் படிச்சுட்டு அது பாட்டுக்குப் போயிடும்யா என்றான். அது என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது, கெட்ட காலத்துக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். ஊரே சிவப்பு வண்டி என்றுதான் சொன்னது. நீ பள்ளிக்கூடத்தில் நீலச் சாக்கட்டியைக் காட்டிச் சிவப்பு என்று அடம்பிடித்து, வாத்தியாரம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினாள். உன் அம்மா கொஞ்சம்கூட அசரவில்லை. டீச்சர், எங்க வீட்டு வண்டியைப் பொறுத்தவரைக்கும் அது சிவப்புதான், மத்ததெல்லாம் நீங்களே சொல்லிக் குடுங்க என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நீ நினைப்பதுபோல் நான் அதை ஓட்டப் பிரியப்பட்டு வைத்திருக்கவில்லை துவன். எங்கே போக வேண்டியிருக்கிறது எனக்கு. மத்தியானம் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையும் மிளகாய்த் துவையலும் எடுத்துக்கொண்டு போய் மாமரத்தடியில் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவேன். வீட்டுக்குள் சாப்பிட்டால் தட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. பக்கத்து இருக்கை அம்மா தள்ளிவைத்த இடத்திலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது, முன்னும் போகாது பின்னும் போகாது. வண்டிக்குள் குடியிருந்து நம்மைக் காக்கிற வண்டித்தாயிடம் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வேன், கோழி அடை வைத்தது, யார் வீட்டில் சாவு, நீ என்ன பேசினாய், எல்லாம். எப்போதாவது கடைக்குப் போய்த் திரும்பினால் வாசலில் இரண்டு தரம் ஹாரன் அடிப்பேன், அம்மா வந்து படலைத் திறப்பாளே, அந்தப் பழக்கம். அப்புறம் நானே இறங்கிப் போய்த் திறப்பேன்.

சரி, கொடுத்துவிடுவோம் என்று மனது இறங்கிய பிறகும் ஒன்று தடுத்தது. வண்டித்தாயை எழுப்பி அனுப்பாமல் வண்டியை உடைக்க விடலாமா. சாமந்தி மாலையும் சிவப்பு சோடாவும் வாங்கப் புறப்பட்டவனைப் பிரசோங்தான் நிறுத்தினான். போக்கிடம் சொல்லாம போன்னா எங்கய்யா போவா அவ, இத்தனை வருஷம் உன்னை ஒரு மரத்துலயும் மோத விடாம காத்தவளைத் தெருவுல நிறுத்துவியா என்றான். நியாயம்தானே. தோங்தியின் வண்டிக்கு அவள் வரட்டுமா என்று கேட்டால், வேண்டாம் பெரியப்பா, அங்க ஏற்கனவே ஒருத்தி இருக்கா, ரெண்டு பேரும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சா நான் வாய்க்கால்லதான் கிடப்பேன் என்கிறான். பிரசோங்கிடம் இருப்பது மோட்டார் சைக்கிள், அதில் இவன் உட்காரவே இடம் பத்தாது. இப்படியே மழைக்காலம் முழுக்க வண்டியும் நானும் மாமரத்தடியில் கிடந்தோம். உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு நிம்மதி, அதையும் மறைக்கவில்லை.

அப்போதுதான் போன வாரம் நீ பேச்சோடு பேச்சாக, சிரித்துக்கொண்டே, அந்த முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் ஐஸில் வண்டி வழுக்கிக் காட்டோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டதையும், ஆள் வரும்வரை தனியாக உள்ளேயே உட்கார்ந்திருந்ததையும் சொன்னாய். பயமாயிருந்ததா என்று கேட்டேன், இல்லப்பா, ரேடியோ பாடிக்கிட்டு இருந்தது என்றாய். பயந்தால் நீ ரேடியோவைப் பற்றித்தான் பேசுவாய், சின்ன வயதிலும் அப்படித்தான். உன் வண்டியில் வண்டித்தாய் இருக்கிறாளா என்று கேட்டேன், இங்கே யாருக்கும் அதெல்லாம் கிடையாதுப்பா என்றாய். அந்தச் சொல் எனக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. இங்கே ஓடாத வண்டியில் ஒரு கிழவனுக்குத் துணையாக அவளை உட்காரவைத்துவிட்டு, அங்கே என் பிள்ளையை ஆளில்லாத வண்டியில் இருட்டில் போகவிடுவதா.

மறுநாள் காலை மாலை போட்டு, சோடாவில் குழல் வைத்து, அவித்த முட்டையும் வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, தாயே, என் மக ரொம்ப தூரத்துல இருக்கா, அவ வண்டி காலியா இருக்கு, குளிர் ஊர்தான், கோவிச்சுக்காம போயிட்டு வா என்று சொன்னேன். போயிட்டு வா என்று பழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு சாவியைத் திருகினேன். ஒரே திருகலில் இஞ்சின் பிடித்தது, வாங்கின அன்றைக்கு இருந்த அதே சத்தம், கொஞ்ச நேரம் ஓடி, நான் அணைக்காமலே தானாக நின்றது. அப்புறம் நான் சாவியைத் தொடவில்லை. நேற்று இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். மாமரத்தடியில் சதுரமாகக் காய்ந்த தரை இருக்கிறது, கோழிகள் அங்கே போய்ப் படுத்துக்கொள்கின்றன.

ஸ்டீயரிங்கில் வண்டித்தாய்க்காகக் கட்டியிருந்த மூன்று நிறத் துணியை அவிழ்த்து இதோடு வைத்திருக்கிறேன். அம்மா கடைசியாகப் புத்தாண்டுக்குக் கட்டியது, முடிச்சை அவிழ்க்க எனக்கு வெகு நேரமானது. குளித்துவிட்டு உன் வண்டியில் கட்டு. ஸ்டீயரிங் பக்கத்து முன்பலகை அவள் இருக்கிற இடம், அதில் யாரையும் கால் வைக்க விடாதே, உன் வீட்டுக்காரரையும்தான். நீ அனுப்பிய படத்தில் உன் வண்டி பச்சையாகத் தெரிகிறது. சனிக்கிழமை பிறந்தவளுக்குப் பச்சை ஆகுமா, அம்மா இருந்தால் என்ன பாடுபடுத்தியிருப்பாள். உனக்கு நீலம்தான் சீதேவி என்று கோயில் பிக்கு சொன்னார், அதனால் பிரசோங் இந்த வண்டியின் நிறம் நீலம் என்று ஒரு ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்திருக்கிறான். அங்கத்திய கெட்ட காலத்துக்கு நம் எழுத்துப் படிக்கத் தெரியுமா என்று கேட்டதற்கு, கெட்ட காலம் எல்லாப் பாஷையும் படிச்சதுய்யா என்கிறான். பின்கண்ணாடியில் ஒட்டு. யாராவது கேட்டால் நீல வண்டி என்றே சொல், சொல்லிச் சொல்லித்தான் நிலைக்கும்.

புத்தரும் தருமமும் சங்கமும் உன்னைக் காக்கட்டும், கால் வைக்கிற இடமெல்லாம் உனக்குத் தரை உறுதியாக இருக்கட்டும். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே. ஊருக்கு வரும்போது பஸ் நிலையத்துக்கு வர என்னிடம் வண்டி இல்லை, அதற்காக வராமல் இருந்துவிடாதே, வாடகை வண்டி பிடித்து வா. வாசலுக்கு வந்ததும் ஓட்டுகிறவரை இரண்டு தரம் ஹாரன் அடிக்கச் சொல், நான் வந்து படலைத் திறக்கிறேன்.

இப்படிக்கு, உன் அப்பா
பூன்லெர்ட்
(பக்கத்தில் இருப்பது என் பெருவிரல், பிரசோங் கடை நீல மை)